எதிர்க் கட்சியும் நம் கட்சியே

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவருடைய இல்லத்திற்குப் போயிருந்தோம். வாசற்படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து, "நடுவர் அவர்களே! நாவன்மை மிக்க எதிரணியினரே!" என்று ஒரு முழக்கம் எழுந்தது. ஏதோ பெரிய சபை கூடியிருக்கிறது போலும், தவறான வேளையில் வந்துவிட்டோமே என்று தயங்கினோம். உள்ளே சென்று பார்த்தால் சபையும் இல்லை, எதிரணியும் இல்லை. நண்பருடைய பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், நிலைக்கண்ணாடியின் எதிரே நின்று வலக்கையை உயர்த்திக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு வயது இளையவளான தங்கை ஊஞ்சலில் அமர்ந்து, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, அவன் ஒரு சொல்லை விட்டால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் என்றும், 'கோவலன் கொலையுண்டதற்குப் பெரிதும் காரணம் பாண்டியனா, பொற்கொல்லனா?' என்பது தலைப்பு என்றும், பேரன் பொற்கொல்லனே காரணம் என்ற கட்சியில் பேசப் போகிறான் என்றும் நண்பர் பெருமை பொங்கக் கூறினார். உரையை எழுதிக் கொடுத்தவர் சிறுவனுடைய தந்தை. ஐந்து நிமிஷப் பேச்சு. எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் சிவப்பு மையினால் அடையாளம் இட்டிருந்தது. சிறுவன் அதை ஒரு பிழையுமின்றி ஒப்புவித்தான். நாமும் மனமாரப் பாராட்டினோம்.

பாராட்டியதோடு நின்றிருக்கலாம். பழக்க தோஷம் விடவில்லை. "தம்பி, கண்ணகி அரண்மனைக்கு வந்து வழக்குரைத்தபோது பாண்டியன் முதலில் என்ன பதில் சொன்னான்?" என்று கேட்டோம்.

சிறுவன் சற்றும் தயங்கவில்லை. "அது எதிர்க் கட்சிக்காரர் பேச வேண்டியது, தாத்தா! எனக்கு எழுதிக் கொடுத்ததில் அது இல்லை" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரவு படுத்த பிறகு அந்தப் பதில் நம்மை உறங்க விடவில்லை. ஒரு காவியத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைக் குழந்தையிடம் கொடுத்து, மறு பாதி உன் விரோதிக்குரியது என்று சொல்லிவிட்டோமே! இதைத்தானா இலக்கியப் பயிற்சி என்கிறோம்?

வாசகர்கள் நம்மைத் தவறாக எண்ணலாகாது. பட்டிமன்றத்தை நாம் பழிக்க வரவில்லை. அது தமிழருக்கு நேற்று வந்த பொழுதுபோக்கும் அன்று. புகார் நகரில் இந்திர விழா தொடங்குவதை முரசறைந்து அறிவிக்கும்போது, சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏறுக என்று அழைப்பு விடுத்ததை மணிமேகலை சொல்கிறது. நீலகேசி என்ற காவியமோ தொடக்கம் முதல் இறுதி வரை வாதமே. நம் காலத்தில், 1939-ஆம் ஆண்டு சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம், காவிய பாத்திரங்களைப் பட்டிமண்டபத்தில் ஏற்றி, எழுத்தறியாதவரும் கம்பனைக் கேட்டு மகிழும்படி செய்தது. பண்டிகை நாள்தோறும் தொலைக்காட்சிப் பெட்டியில் நாம் காண்பது அந்த மண்டபத்தின் பேரனோ, கொள்ளுப் பேரனோ ஆகும்.

வாதம் கல்விக்கு எவ்வளவு வேண்டியது என்பதை ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டவனுக்கும் அந்தக் கல்வி காற் பங்குதான் வாய்க்கும். உடன் பயில்வோரோடு கலந்து ஆராய்வதால் இன்னொரு காற் பங்கு வரும். தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும் என்பது நன்னூலார் கொள்கை. இன்று நம் பிள்ளைகள் முதற் காற் பங்கை உரைநூல்களிலிருந்து பெறுகிறார்கள். இறுதி அரைப் பங்கைத் தகப்பனார் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நடுவிலுள்ள காற் பங்கு, அதாவது எதிரே உட்கார்ந்திருப்பவனோடு கலந்து ஆராய்வது, அடியோடு விட்டுப் போயிற்று. கற்றது வேரூன்றும் இடம் அந்தக் காற் பங்குதான்.

மறுநாட் காலையில் நண்பரோடு மஞ்சக்குப்பத்தில் உலாவப் போனோம். நீதிமன்றத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தமிழ்நாட்டில் இலக்கிய வாதம் ஒன்று நீதிமன்றம் வரை போனதுண்டென்றால், அது இந்த மஞ்சக்குப்பத்தில்தான். வடலூர் இராமலிங்க அடிகளுடைய பாடல்கள் 1867-ஆம் ஆண்டு 'திருவருட்பா' என்ற பெயரோடு அச்சாகி வெளிவந்தன. தேவார திருவாசகங்களுக்கே உரிய 'அருட்பா' என்ற பெயரை இப்பாடல்களுக்கு இடுவது தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். கண்டனத்திற்குக் கண்டனம் கிளம்பியது. 1869-இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறியது. அங்கே நடந்ததை வள்ளலாரின் அன்பர் ஒரு விதமாகவும் நாவலரின் அன்பர் வேறு விதமாகவும் இன்றளவும் சொல்லி வருகிறார்கள். இருவரும் மறைந்த பின்பும் சண்டை மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் கதிரைவேற் பிள்ளை ஒரு புறமும், மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் மறு புறமுமாக மேடையேறினார்கள்.

இருவரில் எவரையும் குறைத்துப் பேச நமக்குத் தகுதியில்லை. நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தவர். குழந்தைகள் படிக்கத் தெளிந்த உரைநடையில் பாலபாடங்கள் எழுதித் தந்தவர். வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை அமைத்து, பசித்தவருக்கு அன்று ஏற்றிய அடுப்பு இன்னும் எரிகிறது. இத்தகைய இரு பெரியோரைச் சூழ்ந்து எழுந்த வாதத்தில் மறந்து போன பொருள் ஒன்று உண்டு. அது பாட்டு. பெயரைப் பற்றி வாதித்த ஆயிரம் பேரில் பாட்டின் சுவையைப் பற்றி வாதித்தவர் எத்தனை பேர்? வெற்றி என்ற வெறி வந்துவிட்டால் நூல் கையிலிருந்து நழுவிவிடும் என்பதற்குக் கடலூரே சாட்சி. பெரியவர்களுக்கே இக்கதி என்றால், கோப்பைக்காக வாதிடும் குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அன்றைக்குச் சனிக்கிழமை. குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் போனோம். பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வண்டி கடகடவென்று ஓடும்போது, சிறுமி தன் குறையைச் சொல்லிக்கொண்டாள். "அண்ணாவுக்கு மட்டும் பட்டிமன்றம். எனக்கு விளையாட்டுக்கூட ஒன்றும் இல்லை, தாத்தா!"

"விளையாட்டுத்தானே வேண்டும்? நாம் போகிற ஊரிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் சாழல்" என்றோம்.

சாழல் என்பது பழந்தமிழ்ப் பெண்கள் கூடி ஆடிய ஆட்டம். ஒருத்தி ஏளனமாக ஒரு கேள்வி கேட்பாள். மற்றொருத்தி சளைக்காமல் விடை கூறுவாள். இந்த விளையாட்டையே பாட்டாக்கி, தில்லையில் மாணிக்கவாசகர் இருபது செய்யுட்கள் பாடியிருக்கிறார்; திருவாசகத்தில் திருச்சாழல் என்ற பகுதி அதுவே. உங்கள் கடவுள் சாம்பலைப் பூசுகிறார், பாம்பை அணிகிறார், இவர் எப்படிக் கடவுளாவார் என்ற முறையில் ஒரு பெண் கேட்கிறாள். அவள் தோழி விடையிறுக்கிறாள். ஈழத்திலிருந்து வந்த பௌத்தரோடு தில்லையில் வாதம் நிகழ்ந்தபோது, ஈழத்து அரசனுடைய ஊமை மகள் வாய் திறந்து கூறிய விடைகளே இவை என்பது புராண வரலாறு. திருமங்கையாழ்வாரும் திருமால்மீது இவ்வாறே சாழல் பாடியிருக்கிறார். கூத்தப் பெருமானும் கோவிந்தராசப் பெருமாளும் ஒரே மதிலுக்குள் எழுந்தருளியிருக்கும் தில்லையில் நின்று இந்த ஒற்றுமையை நினைத்துப் பார்ப்பது மனத்திற்கு இதமாக இருந்தது.

கோயில் பிராகாரத்தில் ஒரு தூணின் நிழலில் அமர்ந்து திருச்சாழலிற் சில செய்யுட்களைக் குழந்தைகளுக்குப் படித்துப் பொருள் சொன்னோம். சிறுமி கேள்விப் பகுதியையும் சிறுவன் விடைப் பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது செய்யுள் முடிந்ததும் சிறுவன் திடீரென்று, "இந்தக் கேள்வியை யார் எழுதினார்?" என்று கேட்டான்.

"மாணிக்கவாசகர்தான்."

"அவர் சாமி பக்கம் அல்லவா? சாமியைக் கேலி செய்கிறதையும் அவரேயா எழுதினார்?"

"அவரேதான்."

சிறுவன் சற்று நேரம் பேசவில்லை. நாம் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அவனே கண்டுகொண்டான். தம் இறைவனுக்கு எதிராகச் சொல்லக்கூடிய சொல்லை, அதன் கூர்மை சிறிதும் மழுங்காமல், அடியவரே எழுதி வைத்தார். கேள்வி நோஞ்சானாக இருந்தால் விடைக்கு என்ன பெருமை?

இது ஒரு புலவருடைய தனிப் பழக்கமன்று. இந்த நாட்டின் மரபு. எதிராளியின் கொள்கையை முதலில் முழுவதும் எடுத்துரைத்துப் பின்னரே தன் கொள்கையை நாட்ட வேண்டும் என்பது நம் தருக்க நூல்களின் விதி. பூர்வபட்சம் என்று வடமொழியாளர் இதைக் கூறுவர். கடலூர் மாவட்டத்துத் திருத்துறையூரில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரு பகுதியாக வகுத்தார். பிறர் கொள்கைகளை அவரவர் வாய்மொழி போலவே எடுத்துக் கூறி மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். மைசூர்ச் சீமையில் பைலகுப்பையிலே குடியேறியிருக்கும் திபெத்தியத் துறவிகளிடமும் இத்தகைய பயிற்சி இருக்கிறது. ஒருவர் அமர்ந்து விடை சொல்ல, மற்றவர் நின்றபடி கை தட்டிக் கேள்வி கேட்பார். பிறகு கேட்டவர் அமர்வார், அமர்ந்தவர் எழுவார். இடம் மாறுவதே அங்கே பாடம்.

இடம் மாறும் இந்தப் பயிற்சியை அன்றைக்கே சோதித்துப் பார்த்தோம். பிற்பகல் தங்கியிருந்த விடுதியில் குழந்தைகளை எதிரெதிரே உட்கார வைத்து, இந்த ஊருக்கே உரிய நந்தனார் கதையைச் சொன்னோம். அதையும் இரண்டு விதமாகச் சொன்னோம்.

சேக்கிழாருடைய பெரியபுராணத்தில் வரும் நந்தனாரைத் தடுப்பவர் ஒருவரும் இல்லை. ஆதனூரில் தோலும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர், தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாட்களைக் கழிக்கிறார். தம் குலத்தை எண்ணி அஞ்சுகிறார். வந்த பிறகும் ஊரெல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலோ, நந்தனாரைப் போகவிடாமல் தடுக்கும் வேதியர் ஒருவர் வருகிறார். நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார். இந்த வேதியர் பாரதியாருடைய படைப்பு. சேக்கிழாரிடம் இவர் கிடையாது. இலக்கணப் பிழைகளையும், மூலக் கதையிலிருந்து இப்படி விலகியதையும் கண்டு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலுக்குச் சாற்றுகவி தரத் தயங்கினார் என்பதும், பாரதியார் வாயாலேயே பாடக் கேட்டு மனமுருகிப் பின்னர்த் தந்தார் என்பதும், பிள்ளையவர்களின் மாணாக்கராகிய உ.வே. சாமிநாதையர் வழியாக நாம் அறிந்தவை.

"மகாவித்துவானே யோசித்த கேள்வி இது. வேதியர் இந்தக் கதைக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வேண்டாம் என்ற கட்சி சிறுமிக்கு வந்தது. "எனக்குப் பாட்டுக் கதைதான் பிடித்திருக்கிறது. நான் அந்தக் கட்சி" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். "பிடிக்காத கட்சியைத்தான் பேச வேண்டும், அதுதான் ஆட்டத்தின் விதி" என்றோம்.

அவள் வெகு நேரம் யோசித்தாள். பிறகு, "யாராவது தடுத்தால் அவர்மேல் கோபம் வரும். யாருமே தடுக்காமல் தானே பயந்துகொண்டு ஊரைச் சுற்றி வந்தால் அழுகைதான் வரும். அதனால் வேதியர் வேண்டாம்" என்றாள்.

சிறுவன் விடவில்லை. "பயம் தானாக வருமா? எத்தனையோ நாள் எத்தனையோ பேர் துரத்தியிருப்பார்கள். அவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே ஆளாகக் காட்டுவதற்குத்தான் வேதியரை வைத்தார்" என்றான்.

பத்து வயதும் பன்னிரண்டு வயதும்! உரைநூல் எதிலும் இல்லாத இரண்டு உண்மைகள். ஒன்று சேக்கிழாரின் காவிய நுட்பம். மற்றொன்று பாரதியாரின் நெஞ்சக் கொதிப்பு. இருவரையும் கட்சி மாறிப் பேசச் சொல்லியிருந்தோம். ஆனால் அதற்குள் சிறுமி, "அவர் ஏன் தீயில் இறங்கினால்தான் உள்ளே போகலாம்? மற்றவர்கள் இறங்கவில்லையே?" என்று கேட்டுவிட்டாள். அண்ணன் பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் பெற்றோருக்கும் உபாத்தியாயர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நந்தனார் என்ற பெயர் இந்த ஊரில் வெறுங் கதைப் பெயரன்று. சுவாமி சகஜானந்தர் 1916-இல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சிதம்பரத்தில் தொடங்கிய பள்ளி அந்தப் பெயரைத்தான் தாங்கியது. அந்தச் சிறுமியின் கேள்வி யாரோ ஒருவர் வீட்டில் பாட்டனாருடைய காயமாக இருக்கும். அப்படிப்பட்ட பொருளைக் கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் நடுவே மேடையில் ஏற்றலாகாது. ஆனால் அதற்காக மூடி வைக்கவும் கூடாது. பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்து, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒருங்கே இருந்து பேச வேண்டிய பொருள் அது. காயம் பட்டவனை வாதி என்றோ பிரதிவாதி என்றோ நிறுத்தாமல், அவன் சொல்வதை முதலில் கேட்க வேண்டும். இலக்கியம் இதற்குக்கூட உதவவில்லை என்றால் வேறு எதற்காகத்தான் அதைக் கற்பிக்கிறோம்?

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு நம் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறோம். செலவு ஒன்றுமில்லை. ஒரு புத்தகமும், ஒரு மாலை நேரமும், அகம்பாவத்தை அடக்கிக்கொள்ளும் பெரியவர் ஒருவரும் இருந்தாற் போதும்.

முதலாவது, தலைப்பைச் சொல்லுவதற்கு முன் கதைப் பகுதியை இரண்டு முறை உரக்கப் படித்துவிட வேண்டும். தலைப்பை முதலில் சொல்லிவிட்டால் குழந்தை தன் கட்சிக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கத் தொடங்கும். இரண்டாவது, நூலைத் திறந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்ற தலைப்பாக இருக்க வேண்டும். 'கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?' என்பது போன்ற தலைப்புக்கு நூலே வேண்டியதில்லை. தொண்டை இருந்தாற் போதும். 'வாலி கேட்ட கேள்விகளில் இராமன் எதற்கு விடை சொன்னான், எதற்குச் சொல்லவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தின் ஏடுகள் புரளும்.

மூன்றாவது, கட்சியைச் சீட்டுக் குலுக்கியே கொடுக்க வேண்டும். பாதியில் மாற்றவும் வேண்டும். நான்காவது, பதில் சொல்லும் முன் எதிரி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆம், அதைத்தான் சொன்னேன்' என்று எதிரி ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். இந்த ஒரு விதியினால் வாதம் பாதி வேகமாகக் குறையும். பயன் இரு மடங்காகும். ஐந்தாவது, 'எல்லோரும் அறிவர்' என்று சொல்லக் கூடாது. எந்த இடத்தில் வருகிறது என்று காட்ட வேண்டும். கடைசியாக, தீர்ப்பு வேண்டாம். முன்பு தெரியாமலிருந்து இன்று தெரிந்துகொண்டது என்ன என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்லட்டும். பிறகு அதே பகுதியை மறுபடியும் ஒரு முறை படித்துவிட்டு விளக்கை அணைத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு கடலூருக்குத் திரும்பினோம். திங்கட்கிழமை பட்டிமன்றம். சிறுவன் தானாகவே வந்து, "தாத்தா, எதிர்க் கட்சிக்காரர் பேசுகிற இடத்தையும் படித்துக் காட்டுங்கள்" என்றான். நண்பருடைய அலமாரியில் சிலப்பதிகாரம் இருந்தது. ஏட்டுச் சுவடிகளிலிருந்து ஆராய்ந்து, உரைகளோடு அதை 1892-இல் சாமிநாதையர் பதிப்பித்தார்; அவரே 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தவர் என்று சொல்லிப் புத்தகத்தைப் பிரித்தோம்.

வழக்குரை காதையைப் படித்தோம். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அதுவே அரச முறை என்று பாண்டியன் கூறும் இடம் வந்தது. "அவன் சொல்வதும் சரிதானே?" என்று சிறுவன் திகைத்தான். பிறகு பின்னோக்கிச் சென்று கொலைக்களக் காதையைப் படித்தோம். ஊடிச் சென்ற தேவியைத் தேடி அந்தப்புரத்துக்கு விரையும் அரசனை வழியில் கண்டு பொற்கொல்லன் செய்தி சொல்கிறான். அரசன் நின்ற நிலையிலேயே ஆணையிடுகிறான். காவலர் கோவலனைப் பார்த்ததும், இவன் கொல்லத் தக்கவன் அல்லன் என்கிறார்கள். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கிக் கள்வருக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கி, ஒவ்வொன்றாக விரித்து அழகாகப் பேசுகிறான். காவலருடைய ஐயம் கலைகிறது. கல்லாத வெறியன் ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான்.

படித்து முடித்ததும் அறையில் ஓசையில்லை. சிறுமிதான் முதலில் பேசினாள். "பொற்கொல்லன் நன்றாகப் பேசினான், பட்டிமன்றத்தில் அவனுக்குத்தான் பரிசு கிடைத்திருக்கும்" என்றாள்.

சிறுவன் மெல்ல, "ராஜா ஒரு கட்சியைத்தான் கேட்டான், தாத்தா. கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவே இல்லை" என்றான்.

இதற்கு மேல் அந்தக் காதைக்கு உரையாசிரியர் என்ன எழுதுவார்? பாண்டியன் கொடியவன் அல்லன். தவறு என்று தெரிந்த கணமே உயிரை விட்டவன். ஆயினும் அவசரத்தில் ஒரு பக்கத்துச் சொல்லை மட்டும் கேட்டான். அதனால் கோவலன் மடிந்தான், தானும் மடிந்தான், தேவியும் மடிந்தாள், மதுரையும் எரிந்தது. அன்று செங்கோல் ஒருவன் கையில் இருந்தது. 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தல் தொட்டு, இந்நாட்டில் அந்தச் செங்கோலின் ஒரு துண்டு வயது வந்த ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. எட்டு வகையாக அடுக்கிப் பேசும் பொற்கொல்லர்களுக்கும் குறைவில்லை. இப்போது அவர்கள் நம் சட்டைப் பையிலுள்ள கருவிக்குள்ளிருந்தே பேசுகிறார்கள். எதிர்க் கட்சி சொல்வது எனக்குத் தெரியாது என்று பழகிய குழந்தை, நாளை எந்த ஆசனத்தில் அமர்ந்து எப்படித் தீர்ப்பு அளிக்கும்? திண்ணையில் நடக்கும் சிறு வாதத்தில் நாட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நாம் சொல்வது இதனால்தான்.

பட்டிமன்ற முடிவை அறிய வாசகர்கள் ஆவலாயிருக்கலாம். நாம் ஊர் திரும்பிய பிறகு நண்பர் தொலைபேசியில் தெரிவித்தார். பேரன் தந்தையார் எழுதிய உரையைப் பாதியில் விட்டுவிட்டானாம். "எதிரணியினர் சொல்லப்போவது இது, அதில் இவ்வளவு நியாயம் இருக்கிறது" என்று தானே எடுத்துச் சொல்லி, பிறகு காவலரை மயக்கிய பேச்சைக் காட்டித் தன் கட்சியை முடித்தானாம். சிவப்பு மையிட்ட இடங்களில் குரல் ஏறவில்லை, கைதட்டலும் குறைவு. கோப்பை வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. தந்தைக்குச் சிறிது மனத்தாங்கல்.

"பையன் வருத்தப்பட்டானா?" என்று கேட்டோம்.

"அன்று மாலை கொஞ்சம் முகம் வாடியிருந்தது. இரவு சாப்பிட்டதும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, மதுரை எரிந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டான். இப்போது தினம் ஒரு பக்கம் படிக்கச் சொல்கிறான். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து தடை எழுப்பிக்கொண்டேயிருக்கிறாள். எனக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை" என்றார் நண்பர்.

அவருடைய குரலில் சலிப்பு தொனித்தது. ஆனால் அன்றைக்கு எந்தப் பக்கம் படிக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.